மஞ்சள் கடுதாசிக்கு ஓர் எண்

அத்தியாயம் 19

லாண்டரிக் கதவில் கோர்ட்டு அமீனா ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனதைச் சென்ற வாரம் பார்த்தோம். மெஷின் வாங்கக் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி கோர்ட்டில் உத்தரவு வாங்கிவிட்டது. நாளை பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே இருக்கிற மெஷின்கள் அத்தனையும் ஜப்தி. அதைப் படித்த, லாண்டரியை நடத்தும் தம்பி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த நாளை இப்போது விடிந்துவிட்டது.

விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தவள் தம்பியின் அக்கா. குடும்பத்தில் அவளுக்கு மைக்செட் என்று பெயர். மாடியில் நின்று "தண்ணி வந்திருச்சு" என்று அவள் சொன்னால் நாலு தெருவில் குழாயைத் திறப்பார்கள். இன்றைக்கும் அந்தத் தொண்டையை நம்பித்தான் கிளம்பியிருந்தாள். அமீனா வரட்டும், லாரி வரட்டும், வாசலில் நின்று ஒரு பிடி பிடித்தால் யார் உள்ளே நுழைகிறார்கள் என்று பார்த்துவிடலாம். அவள் கைவசம் இருந்த திட்டம் அவ்வளவுதான்.

லாண்டரியில் பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி நாலு நாள் தாடியோடு பெரிய வாஷருக்குள் வெள்ளைப் போர்வைகளைத் திணித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, இன்னைக்குமா வேலை?"

"ஆஸ்பத்திரித் துணிக்கா. முந்நூறு போர்வை உள்ள மாட்டிக்கிச்சு. பன்னெண்டுக்குள்ள வெளுத்துக் குடுத்துடணும். படுத்திருக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. "உன் வீட்டுக்காரி எங்க?" என்றாள்.

"உள்ள. மடிப்பு மேசைல."

தம்பி மனைவிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: பஞ்சு. நடந்தால் சத்தம் வராது. பேசினால் பாதி காற்றோடு போய்விடும். அவள் கல்யாணமாகி வந்த முதல் மாதமே மைக்செட் வைத்த பெயர் அது. அதில் கால் பங்கு செல்லம், முக்கால் பங்கு இளக்காரம். பதினாறு வருஷமாக அந்தக் கணக்கில் மாற்றமில்லை.

உள்ளே போன மைக்செட் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

இருபதடி நீள மேசை அது. எப்போதும் போர்வையும் தலையணை உறையும் மலையாகக் குவிந்திருக்கும். இன்று அதில் ஒரு துணிகூட இல்லை. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை காகிதக் கட்டுகள். ஒவ்வொன்றையும் ஒரு துணி கிளிப் கவ்விக்கொண்டிருந்தது. மேலே ஒரு சீட்டு: சோப்புத்தூள் கடை. மின்சாரம். பாய்லர் மெக்கானிக். வேன் டிரைவருக்கு ரெண்டு மாதச் சம்பளம். இப்படியே முப்பதுக்கு மேல். கட்டின் ஓரங்கள் எல்லாம் ரூல் போட்ட மாதிரி ஒரே கோட்டில் இருந்தன.

பஞ்சு கடைசிக் கட்டில் பக்க எண் எழுதிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. டீ குடிச்சீங்களா?"

"டீ கிடக்கட்டும். என்ன இதெல்லாம்?"

"மனு. இன்னைக்கு கோர்ட்ல கொடுக்கப்போறேன்."

"என்ன மனு?"

"திவால் மனு."

"மஞ்சக் கடுதாசியா!" மைக்செட் போட்ட சத்தத்தில் வெளியே தம்பி கையிலிருந்த வாளியைக் கீழே போட்டான். அவன் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீயாவது சொல்லுக்கா. நேத்துலேருந்து வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிறேன். மஞ்சக் கடுதாசி கொடுத்த குடும்பம்னு ஆயிட்டா நான் எந்த மூஞ்சியோட தெருவுல நடக்கிறது? அதுவும் என் பேர்ல இல்ல, இவ பேர்ல!"

"இவ பேர்ல எதுக்கு?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பஞ்சுதான் சொன்னாள். "எட்டு வருஷம் முன்னாடி அவரோட முதல் கடை நொடிச்சுப்போச்சுல்ல? அதுக்கப்புறம் அவர் பேருக்கு யாரும் கடன் கொடுக்கல. கடன் பத்திரம் எல்லாம் என் பேருதான். மெஷினும் என் பேருதான்."

மைக்செட்டுக்கு இது புதுச் செய்தி. இத்தனை நாள் தம்பி தலையில்தான் பாரம் என்று நினைத்து அவனுக்காக உருகிக்கொண்டிருந்தாள். பாரம் முழுதும் இந்தச் சத்தமில்லாதவள் தலையில் இருந்திருக்கிறது.

"இதை எல்லாம் உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"புதன்கிழமை மத்தியானம் இலவசமா சட்ட ஆலோசனை சொல்றாங்க, அண்ணி. மூணு மாசமாப் போறேன்."

"அடிப்பாவி! புதன்கிழமை புதன்கிழமை கண் டாக்டர்கிட்டப் போறேன்னு சொன்னியே?"

"கண்ணு தெறந்துச்சே, அண்ணி."

அவள் சிரிக்கக்கூட இல்லை. அதைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்கு எண் போட்டாள்.

விஷயம் இதுதான். மனுவைக் கொடுத்து, கோர்ட்டு அதற்கு ஒரு எண் போட்டுவிட்டால், அந்த நிமிஷத்திலிருந்து கடன்காரர் யாரும் எதன்மேலும் கை வைக்க முடியாது. பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, யாருக்கு எவ்வளவு, எத்தனை மாதத்தில் என்று கோர்ட்டே பேசி முடிக்கும். ஆனால் எண் விழுவதற்கு முன் மெஷினைத் தூக்கிவிட்டால் தூக்கியது தூக்கியதுதான். பாங்கிலிருந்து வரவேண்டிய கடைசிக் காகிதம் நேற்று மாலைதான் வந்தது.

"தெருவுல நாலு பேர் என்ன சொல்வாங்க, அதைச் சொல்லு முதல்ல" என்றான் தம்பி மறுபடி.

பஞ்சு கட்டுகளைப் பைக்குள் அடுக்கினாள். "சொல்லட்டும். சொல்றவங்க துணியையும் நாமதானே வெளுத்துக் கொடுக்கப்போறோம்? மெஷின் இருந்தாத்தான் அதுவும் நடக்கும்."

பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தாள்.

மைக்செட் என்ன நினைத்தாளோ, பையின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டாள். "நானும் வரேன். நீ இங்க இருடா. அமீனா வந்தாப் பேச்சுக் கொடுத்து இழு."

"எனக்கு உன்ன மாதிரிப் பேச வராதேக்கா."

"அப்ப டீ வாங்கிக் கொடுத்து இழு!"

கோர்ட்டு வளாகத்துக்குள் நுழையும்போது மணி பத்து பத்து. மைக்செட் இதுவரை அந்தக் கட்டடத்தைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தாள். உள்ளே தாழ்வாரம் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் பெஞ்சு, பெஞ்சு முழுக்க மனிதர்கள். எல்லோர் மடியிலும் ஒரு ஃபைல். ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பிடித்திருப்பதுபோலப் பிடித்திருந்தார்கள். எவ்வளவு பேருடைய வீடும் நிலமும் கடையும் இங்கே காத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்ததும் அவள் குரல் தானாகவே இறங்கிவிட்டது. பஞ்சுவோ, சொந்த வீட்டுக் கொல்லைப்புறம் போல மூன்று திருப்பம் திரும்பி நேராகப் போய் நின்றாள்.

அங்கே வக்கீலம்மா காத்திருந்தார். புதன்கிழமை ஆலோசனை சொல்கிறவர். அவருடைய கைப்பையின் ஜிப் போய், இரண்டு சேஃப்டி பின் குத்தியிருந்தது. அதைப் பார்த்து மைக்செட்டுக்குச் சந்தேகம் வந்தது. அவர் கட்டைப் புரட்டும் வேகத்தைப் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது.

"நல்லா இருக்கு. ஆனா கடைசியா ஒருமுறை கேட்கிறேன். கடன் கொடுத்தவங்க லிஸ்ட் முழுசா இருக்கா? சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக் கைமாத்து, எதையும் விடக்கூடாது. எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு நீங்க சத்தியம் பண்ணப்போறீங்க. ஒருத்தர் பேரை மறைச்சதாக் கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்சாங்கன்னா மனுவே விழுந்துடும். அப்புறம் இன்னொரு தடவை எழுந்திரிக்காது."

பஞ்சு நாத்தனாரைப் பார்த்தாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம் இப்படி வாங்க."

படிக்கட்டின் அடியில், யாரும் இல்லாத இடத்தில், பஞ்சு மெல்லச் சொன்னாள். "நாலு வருஷம் முன்னாடி பாய்லர் வெடிச்சப்ப நீங்க நாலு வளையல் கொடுத்தீங்க."

மைக்செட்டின் இடது கை தன்னையறியாமல் வலது மணிக்கட்டைப் பொத்தியது. அங்கே இருந்தவை கவரிங்.

"யாரு சொன்னா? அவனா?"

"அவர் சொல்லல. முன்னெல்லாம் நீங்க வளையலோடயே பாத்திரம் தேய்ப்பீங்க. திடீர்னு கழட்டி வச்சுட்டுத் தேய்க்க ஆரம்பிச்சீங்க. சாயம் போயிடும்னு பயப்படறீங்கன்னு புரிஞ்சுது. அப்புறம் அவரோட பாக்கெட் நோட்டுல பார்த்தேன். 'அக்கா, வளையல் நாலு'ன்னு எழுதி வச்சிருந்தார்."

நாலு வருஷம். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை, ஒரு பார்வை இல்லாமல் இவள் டீ ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"உங்க பேரை லிஸ்ட்ல எழுதணும், அண்ணி. லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் கோர்ட்லேருந்து வீட்டுக்கு நோட்டீஸ் வரும்."

"வீட்டுக்கா? அவருக்குத் தெரியாதுடி! லாக்கர்ல இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்!"

அவர் என்றால் மைக்செட்டின் கணவர், தையல்காரர். முதன்முதலாக ஒரு பள்ளிக்கூடம் முழுவதற்கும் யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்த வருஷம், ராத்திரி பகல் பாராமல் மிதித்த காசில் செய்து போட்ட வளையல்கள் அவை.

"நான் கடனாவா கொடுத்தேன்? தம்பிக்குச் சும்மா கொடுத்ததுன்னு வச்சுக்கயேன்."

"சும்மா கொடுத்திருந்தாலும் யார் கொடுத்தாங்க, எப்பக் கொடுத்தாங்கன்னு எழுதணுமாம். அதையும் கேட்டுட்டேன்." பஞ்சு பையைக் கீழே வைத்தாள். "நீங்க வேணாம்னா எழுதல. ஆனா எழுதாம நான் சத்தியம் பண்ண மாட்டேன். இப்படியே வீட்டுக்குப் போயிடலாம். மெஷின் போனாப் போகட்டும். வேற வேலை செஞ்சு பொழைச்சுக்கிறோம். உங்க வீட்டுல என்னால ஒரு சண்டை வரவேணாம்."

மிரட்டுகிறாளோ என்று மைக்செட் அவள் கண்ணைப் பார்த்தாள். மிரட்டல் இல்லை. அழுகையும் இல்லை. நிஜமாகவே பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுவாள். மூன்று மாத உழைப்பு, எட்டு வருஷ லாண்டரி, எல்லாவற்றையும் ஒரு பொய்க்குப் பதிலாக இங்கேயே வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று இருந்தது மைக்செட்டுக்கு. இவளுக்கா பஞ்சு என்று பெயர் வைத்தோம்?

தாழ்வாரத்துக் கடிகாரம் பதினொன்று ஐந்து காட்டியது.

"எழுது" என்றாள்.

"அண்ணி, நல்லா யோசிச்சு..."

"எழுதுன்னா எழுது! வளையல் நாலு. எடையையும் போடு. குறைச்சுப் போட்டுடாத, அப்புறம் எனக்குக் கெட்ட கோபம் வரும்."

ஒரு பேர் சேர்ந்ததும் மூன்று பக்கங்களில் கூட்டுத்தொகை மாறியது. பஞ்சு படிக்கட்டிலேயே உட்கார்ந்து, மடியில் வைத்து, மூன்று இடத்திலும் பழைய தொகையை ஒரே கோடாக அடித்துப் புதியதை எழுதினாள். பக்கத்தில் சின்னக் கையெழுத்து, தேதி, நேரம். மைக்செட் மாறிய பக்கங்களை ஜெராக்ஸ் எடுக்க ஓடினாள். அவள் அப்படி ஓடியதை அவள் வீட்டார் யாரும் பார்த்ததில்லை.

பதிவு ஜன்னலில் அவர்களுக்கு முன்னால் ஐந்து பேர். அந்த ஐந்து பேர் நகர்வதற்குள் மைக்செட்டுக்கு ஐந்து வயது கூடிவிட்டது. பதினொன்று முப்பத்தாறுக்குத்தான் பஞ்சுவின் கட்டு ஜன்னலுக்குள் போனது.

குமாஸ்தா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அவர் விரலில் எச்சில் தொட்டுத் திருப்பும் ஒவ்வொரு முறையும் மைக்செட் மூச்சைப் பிடித்தாள்.

"அடிச்சு அடிச்சு எழுதியிருக்கு. புதுசா டைப் பண்ணிட்டு நாளைக்கு வாங்க."

"நாளைக்கா!" என்று ஆரம்பித்தாள் மைக்செட். அவள் மணிக்கட்டில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. பஞ்சுவின் கை. துணி பிழிந்து பிழிந்து காய்த்துப்போன கை. மைக்செட் வாயை மூடிக்கொண்டாள்.

"மூணே இடம் சார். மூணுலயும் கையெழுத்து இருக்கு, நேரம் இருக்கு. கூட்டிப் பாருங்க. சரியில்லைன்னா நாளைக்கு வரேன்."

குமாஸ்தா கால்குலேட்டரை இழுத்தார். ஒருமுறை கூட்டினார். நம்பாமல் இன்னொருமுறை கூட்டினார். பிறகு வக்கீலம்மாவைப் பார்த்து, "நீங்க தயார் பண்ணதாம்மா?" என்றார்.

"நான் ஒரு பக்கம்கூட எழுதல. எல்லாம் அவங்கதான்."

குமாஸ்தா பஞ்சுவை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "இருபது வருஷமா இந்த ஜன்னல்ல உட்கார்ந்திருக்கேன்" என்றவர், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றார். "மனுவில் சொன்னது எல்லாம் உண்மை, எதையும், யாரையும் மறைக்கலைன்னு சத்தியம் பண்றீங்களா? வெளிய கேட்கிற மாதிரிச் சொல்லணும்."

பஞ்சு சொன்னாள்.

தாழ்வாரத்தின் மறுகோடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெளிவான, நிதானமான, கனத்த ஒரு குரல். வார்த்தை வார்த்தையாக நிறுத்தித் தன் பெயர், தன் கடன், தன் சத்தியம் என்று சொல்லிக்கொண்டு போனது. பதினாறு வருஷத்தில் மைக்செட் அந்தக் குரலைக் கேட்டதேயில்லை. யாரும் கேட்காததால் இல்லாமல் போய்விட்டது என்று நினைத்திருந்த குரல். மைக்செட்டுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கைகூப்பத் தோன்றியது, யாரை நோக்கி என்று தெரியவில்லை.

முத்திரை விழுந்தது. உள்ளே ஒரு பிரிண்டர் முனகியது. மஞ்சள் தாள் ஒன்று ஜன்னல் வழியாக வெளியே வந்தது.

எண் நானூற்றுப் பதினேழு. நேரம் பதினொன்று ஐம்பத்திரண்டு.

"இதை அமீனா கையிலயே கொடுக்கணும்" என்றார் வக்கீலம்மா. "போன்ல படம் காட்டினா அவர் ஒத்துக்க மாட்டார். ஓடுங்க!"

டாக்ஸியில் பஞ்சு தம்பிக்கு ஒன்பது முறை போன் போட்டாள். எடுக்கவில்லை. மூன்று சிக்னலும் சிவப்பு. மைக்செட் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, முன்னால் போன தண்ணீர் லாரியை ஓரங்கட்டச் சொன்னாள். அது ஓரங்கட்டிற்று. இன்றைக்கு அவள் தொண்டைக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான்.

லாண்டரி வாசலில் லாரி நின்றது. பின்கதவு திறந்திருந்தது. இஸ்திரி உருளை மெஷின் ஏற்கெனவே வாசல் வரை வந்துவிட்டது.

உள்ளே, பெரிய வாஷரைச் சங்கிலி கட்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை டன் எடை. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்கியது. பக்கத்தில் தம்பி முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தான், கையில் ஸ்பானர். அவன் போனை எடுக்காத காரணம் அதுதான். வந்த ஆட்கள் தண்ணீர்க் குழாயை வெட்டப் போனபோது, "வெட்டாதீங்க, வால்வு போயிடும், நான் கழட்டித் தரேன்" என்று அவனே உட்கார்ந்துவிட்டானாம். தன் மெஷினைத் தானே கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மூலையில் முந்நூறு போர்வையும் வெளுத்து, மடித்து, ஆஸ்பத்திரி வேனுக்காகக் காத்திருந்தன.

அமீனா என்றால் மீசையும் தடியுமாக ஓர் ஆள் என்று மைக்செட் நினைத்திருந்தாள். ஒல்லியாக, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு மனிதர் நின்றிருந்தார். பஞ்சு அவரிடம் போய்த் தாளை நீட்டினாள்.

அவர் படித்தார். திருப்பிப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்கப்பா."

எட்டு பேர் நின்றார்கள். சங்கிலி நின்றது.

"சார், மெஷின்ல கை வச்சாச்சு, தூக்கியும் ஆச்சு!" என்று டை கட்டிய ஓர் ஆள் குதித்து முன்னால் வந்தான். ஃபைனான்ஸ் கம்பெனியின் ஆள்.

"நீங்க கை வச்சது பன்னெண்டு மணிக்கு. எண் விழுந்தது அதுக்கு எட்டு நிமிஷம் முன்னாடி" என்றார் அமீனா. "இறக்குங்க. பார்த்து. இருந்த இடத்துலயே இறக்குங்க."

சங்கிலி கடகடவென்று பின்னோக்கி ஓடியது. ஒன்றரை டன் இரும்பு அங்குலம் அங்குலமாக இறங்கி, பழைய போல்ட்டுத் துளைகளின் மேலேயே உட்கார்ந்தது. தரை ஒருமுறை அதிர்ந்தது. அந்த அதிர்வு மைக்செட்டின் கால் வழியாக நெஞ்சுவரை ஏறியது.

ஒரே ஒரு தாள். வீட்டு மளிகை பில்கூட இதைவிட நீளமாக இருக்கும். அந்தத் தாள் லாரியை நிறுத்துகிறது, எட்டு ஆம்பிளைகளை நிறுத்துகிறது, இரும்பை இறங்கவைக்கிறது. வாசலில் நின்று நான் எத்தனை கத்தியிருந்தாலும் இது நடந்திருக்குமா?

மைக்செட் போய் வாஷரின் பக்கவாட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

டை கட்டியவன் போகிறபோக்கில் திரும்பினான். "லிஸ்ட்டை ஒரு பேர் விடாமத் தோண்டிப் பார்ப்போம்மா. எல்லாரும் ஏதாவது ஒண்ணை மறைக்கத்தான் செய்வாங்க."

"பாருங்க" என்றாள் பஞ்சு, பழைய காற்றுக்குரலில். "மறைக்க எங்ககிட்ட ஒண்ணுமில்ல."

தம்பி எழுந்து வந்தான். கையெல்லாம் கிரீஸ். மஞ்சள் தாளைத் தொடப் பயந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் படித்தான். படித்து முடித்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினான்.

"குழாயை மாட்டட்டுமா?" என்று கேட்டான், உத்தரவு கேட்கிற மாதிரி.

"மாட்டுங்க. ஹோட்டல் துணி நாலு மணிக்கு வந்துடும்."

மைக்செட் கிளம்பும்போது பஞ்சு வாசல்வரை வந்தாள். ஒரு நீளக் கவரை அவள் கையில் வைத்தாள்.

"உங்களுக்கு வரவேண்டிய நோட்டீஸ், அண்ணி. நேர்ல கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டா வீட்டுக்குத் தபால் வராதாம். நீங்க ஜெராக்ஸ் எடுக்கப் போனப்ப வக்கீலம்மாகிட்டக் கேட்டேன். இந்தச் சீட்டுல மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்க. இதை வீட்டுல காட்டறதும் காட்டாததும் உங்க இஷ்டம்."

அத்தனை பரபரப்பில், தன் வாழ்வா சாவா என்று நின்ற அந்தப் பத்து நிமிஷத்தில், இவள் எனக்காக இதைக் கேட்டு வைத்திருக்கிறாள். மைக்செட் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. பஞ்சுவின் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

பஸ்ஸில் கவர் மடியில் கிடந்தது. ஒளித்துவைக்க வீட்டில் இடமா இல்லை? அரிசி டின்னுக்கு அடியில் வைத்தால் ஆயுசுக்கும் யார் கண்ணிலும் படாது. இரண்டு ஸ்டாப் வரை அந்த எண்ணம் இருந்தது. மூன்றாவது ஸ்டாப்பில், தாழ்வாரம் முழுவதும் கேட்ட அந்தக் குரல் நினைவுக்கு வந்தது.

வீட்டின் முன்னறைதான் கணவரின் தையல் கடை. கழுத்தில் டேப்போடு ஒரு நர்ஸ் கோட்டுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் பேசுவது அவள், கேட்பது அவர். முப்பது வருஷமாக அதுதான் ஏற்பாடு.

அவள் கவரைத் தையல் மெஷின் மேல் வைத்தாள்.

"வளையல் லாக்கர்ல இல்லீங்க. தம்பிக்குக் கொடுத்துட்டேன். நாலு வருஷம் ஆச்சு. உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

பெடல் நின்றது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு கவரைப் பிரித்தார். உள்ளே நோட்டீசும், கடன் கொடுத்தவர்கள் எல்லோருடைய பேரும் இருந்த லிஸ்ட்டின் நகலும் இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பேரிலிருந்து விரலை வைத்து இறங்கினார்.

"என் பேரு கடைசில இருக்கும்" என்றாள் மைக்செட். திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"பார்த்தேன்."

விரல் மறுபடி மேலே போனது. மறுபடி ஒவ்வொரு பேராக இறங்கியது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இன்னொரு பக்கம் இருக்கா?"

"இல்லீங்க. அவ்வளவுதான். எல்லாத்தையும் எழுதிட்டேன்னு அந்தப் பொண்ணு கோர்ட்ல சத்தியமே பண்ணிட்டா. ஏன் கேட்கிறீங்க?"

அவர் எழுந்து, கழுத்து டேப்பைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கொக்கியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கோர்ட்டு ஜன்னல் எத்தனை மணி வரைக்கும்?"

"அஞ்சு மணி. என்னங்க, என்ன ஆச்சு?"

"லிஸ்ட்ல ஒரு பேரு விட்டுப்போச்சு."

"யாரு பேரு?"

தையல்காரர் வாசலில் செருப்பைத் தேடிக் காலில் நுழைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"என் பேரு."

மணி நாலு பத்து.